ஐம்பத்தேழு மீற்றரில் சொன்ன செபமாலை

எனக்கு மயக்கம் வராது என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கொட்டாஞ்சேனையில் தேத்தண்ணிக் கடையில் சொன்னேன், சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் கொட்டகையில் சொன்னேன், தங்கையின் கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பக்கத்தில் இருத்திவைத்துச் சொன்னேன். ஆழக்கடலில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கிறவனின் தலைக்கு ஏறும் மயக்கம் அது. முப்பது மீற்றருக்குக் கீழே போகப் போக, காற்றில் இருக்கும் நைதரசன் மூளைக்குள் சாராயத்தின் வேலையைச் செய்யத் தொடங்கும். ஐம்பதைத் தாண்டினால் சிலர் காரணமில்லாமல் சிரிப்பார்கள், சிலர் பயந்து நடுங்குவார்கள். எனக்கு அப்படி ஒன்றும் நடந்ததில்லை. நடந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

துறைமுகத்தில் கப்பல்களின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்து அறிக்கை கொடுப்பது என் வேலை. அந்தத் தண்ணீரில் முகத்துக்கு முன்னால் கையை நீட்டினால் கை தெரியாது. மணிக்கூடு கட்டியும் பயனில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பின்னேரச் செபமாலை ஒருநாளும் தவறியதில்லை. மாலையின் ஒரு பத்து மணிகளை உருட்டிச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று என் உடம்புக்கே தெரியும். அதனால் தண்ணீருக்குள் செபத்தால் நேரம் பார்க்கப் பழகினேன். மூச்சோடு சேர்த்து நிதானமாகப் பத்து ‘மரியே வாழ்க’ சொன்னால் நாலு நிமிடம். ஒவ்வொரு பத்து முடியவும் இடதுகையில் ஒரு விரலை மடக்குவேன், பெருவிரலில் தொடங்கி. நாலு விரல் மடங்கினால் பதினாறு நிமிடம். கூட வேலை செய்கிறவர்கள் என்னைச் ‘சாமி’ என்று பகிடி பண்ணுவார்கள். ஆனால் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. துறைமுகத்தின் ஆழம் பன்னிரண்டு, பதினைந்து மீற்றர்தான் என்பதை நான் யோசிக்கவேயில்லை.

தங்கையின் புருசன் வெள்ளவத்தைக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். செயற்கைப் பல் செய்வது தொழில். ஒரு பல்லின் உயரத்தில் மயிரளவு பிழைத்தாலும் அன்றைக்குச் சாப்பிடமாட்டார், அப்படி ஒரு மனிதர். கடலில் மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல்களைப் பார்க்கும் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்க வைத்தவன் நானே. நாலைந்து வருடம் நான் போகிற மாதிரியே காற்றோடு இறங்கினார். பிறகு வெளிநாடு போய் ஒரு மாதம் படித்துவிட்டு வந்தார். வந்ததிலிருந்து ஹீலியம் புராணம். ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தால் ஐம்பது அறுபது மீற்றரிலும் தலை தெளிவாக இருக்குமாம். கொழும்பில் அதை எடுப்பதற்கு நாய் படாத பாடு படவேண்டும். இரும்பு ஒட்டுவேலைக்காரரிடம் கேட்டு, பலூன்காரரிடம் கேட்டு, மாதக்கணக்கில் காத்திருப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பு வரும்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் இதுதான் சண்டை.

“பலூனுக்கு ஊதுற சாமான். அதைக் குடிச்சா வாத்து மாதிரிக் கதைக்கத்தான் வரும்,” என்பேன்.

“மச்சான், ஒண்டும் நடக்காத நாளில குடிச்ச வெறிகாரனும் கொழும்பு வீதியால கார் ஓட்டி வீட்ட வந்து சேருவான்,” என்பார் அவர். “ஏதாவது குறுக்க வாற நாளிலதான் மூளை வேணும்.”

“எனக்கு வெறி இல்லையே.”

“வெறிகாரர் எல்லாரும் அதைத்தானே சொல்லுறவை.”

தங்கை அகப்பையால் மேசையில் தட்டுவாள். நான் விடமாட்டேன். மயக்கம் என்பது பயந்தவனுக்கு வருகிற வியாதி என்று சொல்லி முடிப்பேன். அந்த வசனம் எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு மட்டக்குளியிலிருந்து போட்டில் போனோம். போட்காரர் எங்களுக்குப் பழக்கமான சிங்கள மீனவர். கடல் கண்ணாடியாகக் கிடந்தது. நாங்கள் இறங்கவிருந்தது ஒரு பழைய சரக்குக் கப்பலுக்கு. அது ஐம்பத்தேழு மீற்றரில் மணலில் இருக்கிறது. அடியில் பதினாறு நிமிடம், பிறகு மெல்ல மெல்ல ஏறி, ஆறு மீற்றரில் நீண்ட நேரம் நின்று, இரத்தத்தில் கரைந்த வாயுவெல்லாம் வெளியேறிய பிறகுதான் தலையை வெளியே காட்டலாம். அவசரப்பட்டு ஏறினால் அந்த வாயு குமிழியாகி உடம்பை முடக்கிவிடும். அந்த நிற்கும் நேரத்துக்கென்று ஒட்சிசன் கூடுதலான ஒரு சின்னச் சிலிண்டரை மச்சான் தன் விலாவில் கட்டியிருந்தார். நான் அப்படி எதுவும் கட்டுவதில்லை. முதுகிலிருக்கும் காற்றின் மிச்சம் எனக்குப் போதும்.

“போட்டுக்குக் கீழ இன்னொரு சிலிண்டரைக் கயித்தில கட்டித் தொங்கவிடுவமா?” என்று கேட்டார்.

“என்னத்துக்கு, மீனுக்கா?” என்றேன். அவர் கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

இனி நடந்ததை எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரியே முதலில் சொல்கிறேன். கப்பலின் பின்தளத்தில் இறங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாரை மீன் கூட்டமொன்று தலைக்கு மேலாகச் சுற்றியது. நீல வெளிச்சம். மனதில் அப்படியொரு அமைதி, திருப்பலி முடிந்து எல்லாரும் போன பிறகு கோவிலில் தனியே இருக்கிற மாதிரி. செபம் சொல்லத் தொடங்கினேன். ஒரு பத்து, இரண்டு பத்து, மூன்று. மூன்று விரல் மடங்கிவிட்டன. நாலாவதின் பாதியில், மச்சான் பின்னாலிருந்து என் தோள் பட்டியைப் பிடித்து மேலே இழுத்தார். நான் திமிறினேன். அவருடைய கண்கள் முகமூடிக்குள் பெரிதாக இருந்தன. மனிதர் பயந்துவிட்டார் என்று எனக்கு விளங்கியது.

முப்பது மீற்றரில் என் காற்று முடிந்தது. இழுபறிப்பட்டதில் மூச்சு வாங்கி விரயமாகிவிட்டது என்று எரிச்சலாக இருந்தது. அவர் தன்னுடைய இரண்டாவது மூச்சுக்குழாயை என் வாயில் வைத்தார். ஆறு மீற்றருக்கு வந்ததும் விலாவில் கட்டியிருந்த சின்னச் சிலிண்டரைக் கழற்றி என் நெஞ்சில் தள்ளினார். என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மேலே போய்விட்டார். நான் ஆறுதலாக நின்று, நேரம் முடித்து ஏறினேன். போட்டில் அவர் குப்புறக் கிடந்தார். இடதுகால் அவர் சொல்லுக் கேட்கவில்லை.

அப்படி முடங்கியவர்களை வைக்கும் அமுக்க அறை உள்ள ஆஸ்பத்திரியில் அவரைப் பல நாள் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. இடதுகால் மட்டும் பழையபடி திரும்பவில்லை. நடக்கும்போது செருப்பு தரையில் உரசும் சத்தம் முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். கமராவைப் பற்றிக் கேட்டேன். அவர் எப்போதும் நெற்றியில் ஒரு கமரா கட்டிக்கொண்டுதான் இறங்குவார். அன்றைக்குத் தண்ணீர் பூந்து பழுதாகிவிட்டது என்றார்.

ஆஸ்பத்திரி நடையில் வைத்தே தங்கையிடம் சொன்னேன். “உன்ர மனுசன் பயந்திட்டார். பயந்து ஓடினபடியாத்தான் இது.” அவள் நம்பினாள். அண்ணன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வாள். கால் விளங்காமல் கிடந்த மனிதனை, ஏன் ஓடினீர்கள், அண்ணா நின்றவர்தானே என்று கிழமைக்கணக்காக ஏசினாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இந்தக் கதையைக் கொட்டாஞ்சேனை முழுக்கக் கொண்டுபோனேன். காற்றடித்தவன் செபம் சொல்லி ஏறினான், ஹீலியம் அடித்தவன் பயந்து ஓடினான் என்று முடிப்பேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். இதை இப்போது எழுதும்போது என் காது சுடுகிறது.

கேட்டுச் சிரித்தவர்களில் ஒருவர் கொம்பனித்தெருவில் போன் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது, திடமான ஆள், நீச்சலில் சூரன். அந்தக் கப்பலுக்குத் தன்னையும் கூட்டிப்போகச் சொன்னார், காற்றோடுதான். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டும் பேசியாகிவிட்டது. அதற்கு முந்திய வியாழக்கிழமை மச்சான் போன் எடுத்தார்.

“மச்சான், வேலை முடிய ஒருக்கா வீட்ட வந்திட்டுப் போங்கோ.”

வெள்ளவத்தையில் கடல்பக்க ஒழுங்கையில் அவர்கள் வீடு, இரண்டாம் மாடி. நான் போகும்போது ஐந்து மணி. தங்கை பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். மச்சான் மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். திரையில் நீலம். கப்பலின் பின்தளம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான்.

“கமராவுக்குத் தண்ணி பூந்ததெண்டீர்?”

“பொய் சொன்னனான்,” என்றார்.

தங்கை கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவளும் அதை அன்றைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறாள் என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது. திரையின் மூலையில் நேரம் ஓடியது. இறங்கி ஆறு நிமிடம். காற்றுக்குமிழிச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது, வாய் மூடிய ஒரு முணுமுணுப்பு. மூச்சுக்குழாயைக் கடித்துக்கொண்டு நான் சொன்ன செபம். சொல் ஒன்றும் விளங்கவில்லை, ராகம் விளங்கியது. சின்ன வயதிலிருந்து ஒன்றாக முழங்காலில் இருந்து சொன்ன ராகம். எனக்குப் பின்னால் தங்கையின் உதடுகள் அதோடு சேர்ந்து அசைவது கேட்டது. பத்து முடிந்தது. திரையில் நான் பெருவிரலை மடக்கினேன்.

நேரம் பத்து நிமிடம். அடுத்த பத்தும் முடிந்தது. ரயில் ஒன்று கீழே போனது, யன்னல் அதிர்ந்தது, தங்கை எட்டிப் படத்தை நிறுத்தி, ரயில் போன பிறகு திரும்ப ஓடவிட்டாள். ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று அவளுக்கு இருந்தது. எனக்கோ எழும்பிப் போய்விடவேண்டும் போல இருந்தது.

பதினாறு நிமிடம். மச்சானின் கை திரைக்குள் வந்து, ஏறுவோம் என்று காட்டியது. திரையில் நான் வலதுகையால் எல்லாம் சரி என்று காட்டினேன். பதினெட்டு. அவர் என் காற்றளவு காட்டும் வட்டை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார். முள் சிவப்பை நெருங்கியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, சரி என்று காட்டினேன். அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் அவருடைய கன்னத்தைச் செல்லமாகத் தட்டினேன். ஒரு சத்தம் கேட்டது. முதலில் அது என்னவென்று விளங்கவில்லை. அது என்னுடைய சிரிப்பு.

“கமராவில நேரம் பிழையா ஓடியிருக்கும்,” என்றேன். அதைச் சொன்னதும் நான்தான்.

இருபத்தொரு நிமிடம். திரையில் நான் இடதுகையைக் கமராவுக்கு நேராக நீட்டி ஆட்டினேன், இன்னும் இருக்கிறது பொறும் என்கிற மாதிரி. தங்கை படத்தை நிறுத்தினாள்.

“அண்ணா,” என்றாள். “நாலாவது தரம் பத்து முடிஞ்சிட்டுது. உங்கட பெருவிரல் மட்டும்தான் மடங்கியிருக்கு.”

பார்த்தேன். மற்ற நாலு விரலும் நேராக நின்றன. ஒவ்வொரு பத்து முடியவும் நான் பெருவிரலை விரித்து, அதையே திரும்ப மடக்கியிருக்கிறேன். முதலாம் பத்தை முடித்து, மறந்து, திரும்பவும் முதலாம் பத்து. இழுத்தெடுக்காவிட்டால் காற்று முடியும்வரை அந்த ஒரு விரலோடு அங்கேயே சந்தோசமாக நின்றிருப்பேன். என் ஞாபகத்தில் மூன்று விரல் மடங்கியிருக்கின்றன. இன்றைக்குக் கண்ணை மூடினாலும் மூன்று விரல்தான் தெரிகிறது. அந்த ஞாபகத்தை வைத்துத்தான் ஒரு மனிதனை ஊர் முழுக்கக் கோழையாக்கினேன்.

அவர் படத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். ஆறு மீற்றர். என் முகம் அருகில். சின்னச் சிலிண்டர் என் நெஞ்சில் வந்து நின்றது. மச்சான் தன் மணிக்கட்டைத் திருப்பிக் கணினிக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் ஓர் இலக்கம் பெரிதாக மின்னியது.

“இருபத்தொன்பது எண்டா என்ன?” என்று தங்கை கேட்டாள். புருசனைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“அவர் இன்னும் நிக்க வேண்டின நிமிசம்.”

அவர் முதுகிலிருந்ததை இருவருமாகச் சுவாசித்து முடித்தாயிற்று. மிச்சம் ஒரு சிலிண்டர், இரண்டு பேர், இருவருக்கும் காணாது. திரையில் அவர் அந்த இலக்கத்தை இன்னொருதரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஏறினார். தங்கை குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய் நெடுநேரம் ஓடியது.

“ஏன் காட்டேல்ல?” என்று கேட்டேன்.

“காட்டினா அவளுக்கு எப்பிடி நீங்கள் முகம் குடுப்பியள். கால் திரும்பி வரப்போறதுமில்ல,” என்றார். “ஆனா ஞாயிற்றுக்கிழமை இன்னொராளைக் காத்தோட கூட்டிக்கொண்டு போறியளாம். அவற்ற தோள் பட்டியை ஆர் பிடிக்கிறது?”

மன்னிப்புக் கேட்கவேண்டிய இடம் அது. “அதை எனக்கு அனுப்பும்,” என்று மட்டும் சொன்னேன். படியிறங்கும்போது குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை வெளியே வரவில்லை.

ஞாயிறு காலை மட்டக்குளிக் கரையில் கொம்பனித்தெருக்காரர் எனக்கு முன்னமே வந்துவிட்டார். சிலிண்டர்கள் மணலில் வரிசையாகக் கிடந்தன, அவருடையது இரண்டு, என்னுடையது இரண்டு, முதல்நாள் நிரப்பியவை. இன்றைக்கு இறங்குவதில்லை என்றேன். அவர் சிரித்தார். போனை அவர் கையில் கொடுத்தேன். வெயிலுக்குக் கையை மறைத்துப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்தார். பெருவிரல் வரும் இடத்தில் நானே சொன்னேன், இது நான், இது என் விரல், இவர் ஓடவில்லை, என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவர். இத்தனை நாள் சொன்னது பொய் என்றேன்.

அவர் போனைத் திருப்பித் தந்தார்.

“அண்ண, அது ஒங்களுக்கு ஒரு நாள் அப்பிடி ஆயிட்டிச்சி. நான் செபம் சொல்றதில்ல, வாச்ச பாக்கிறவன்.”

“நானும் காத்து முள்ளைப் பாத்தனான். பாத்துப்போட்டுச் சரி எண்டு காட்டினனான்.”

“பயந்தவனுக்குத்தான் மயக்கம் வரும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்குப் பயமில்ல. நீங்க வராட்டி நான் போறன். கயிறு ஈக்கி, போட் ஈக்கி, வேற என்ன வேணும்?”

என் வசனம், என் குரலின் ஏற்ற இறக்கத்தோடு. அந்த முகத்தில் சந்தேகம் ஒரு துளி இல்லை. என் முகமும் பதினெட்டு வருடம் இப்படித்தான் இருந்திருக்கும். அதை என்ன சொல்லித் திருப்புவது? நான் சொன்ன ஒவ்வொரு பதிலுக்கும் நான் முன்னர் சொன்ன ஒரு பதில் அவரிடம் இருந்தது. போட்காரர் எஞ்சினை இழுத்துப் பார்த்துவிட்டு, “யமுத அய்யே?” என்று சிங்களத்தில் கேட்டார், போவோமா என்று. கொம்பனித்தெருக்காரர், வந்திட்டேன் என்று கையைக் காட்டி, உடுப்பின் சிப்பை இழுக்கத் தொடங்கினார்.

நான் மணலில் முழங்காலில் இருந்து அவருடைய சிலிண்டரின் வால்வைத் திறந்தேன். முழுதாகத் திறந்தேன். காற்று பாய்ந்த வேகத்தில் மணல் எழும்பி முகத்தில் அடித்தது. அடுத்ததையும் திறந்தேன். பிறகு என்னுடைய இரண்டையும். கரையில் நின்ற காகங்கள் எல்லாம் பறந்தன.

அவர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். தூசணத்தில் ஏசினார். நான் சிலிண்டர்களின் மேலே குப்புறக் கவிழ்ந்து, வால்வுகளைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

“நாளைக்கு வேற எடத்துல நெரப்புவன், தெரியுமா?”

“நிரப்பும். இண்டைக்கு ஏலாது.”

கொஞ்ச நேரத்தில் இழுப்பதை விட்டுவிட்டு, அப்பால் போய்ப் போட்டின் விளிம்பில் இருந்தார். போட்காரர் எஞ்சினை நிறுத்தினார். சிலிண்டர்கள் குளிர்ந்து என் நெஞ்சை உறையவைத்தன. சீற்றம் மெல்ல மெல்லத் தணிந்தது. எப்போது தொடங்கினேன் என்று தெரியாது, என் வாய் செபம் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து முடிய இடதுகைப் பெருவிரலை மடக்கினேன். அடுத்த பத்தும் முடிந்தபோது சுட்டுவிரலை மடக்கினேன். மடங்கியிருக்கிறதா என்று வலதுகையால் தொட்டுப் பார்த்தேன்.